விளையாட்டுப் பெட்டி கற்பிக்கும் பாடம்

‘வீடியோ விளையாட்டு’ என்ற சொல் காதில் விழுந்தவுடனே பெரியவர்களின் முகம் சுருங்குகிறது. பிள்ளைகளின் முகம் மலர்கிறது. ஒரே பொருள் ஒருவர்க்கு வெறுப்பையும் மற்றொருவர்க்கு விருப்பையும் விளைவித்தல் உலகில் புதுமையன்று. ஆயினும் இப்பொருளில் ஒரு விந்தை உண்டு. வெறுப்பவர்களுள் பெரும்பாலோர் அதனை ஒருமுறையேனும் ஆடிப் பார்த்தவர் அல்லர். விரும்புகிறவர்களுள் பெரும்பாலோர் தாம் ஏன் விரும்புகிறோம் என்று எண்ணிப் பார்த்தவர் அல்லர். நான் இவ்விரு கூட்டத்திலும் இருந்தவன். முதலில் ஆடாமலே வெறுத்தேன். ஓய்வு பெற்றபின் ஆடிப் பார்த்து விரும்பினேன். விரும்பியதற்குக் காரணம் யாது என்று இப்பொழுது எண்ணிக்கொண்டிருக்கிறேன். அவ்வெண்ணங்களையே இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

விளையாட்டை நம் முன்னோர் இழிவாகக் கருதவில்லை. உவகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் களங்கள் நான்கு என்று வகுத்த தொல்காப்பியர், அந்நான்கனுள் ஒன்றாக விளையாட்டை வைத்தார். ஜெர்மன் நாட்டுக் கல்வியாளர் பிரோபெல், 1837-இல் தாம் தொடங்கிய குழந்தைப் பள்ளிக்கு விளையாட்டையே அடிப்படையாகக் கொண்டார். கிண்டர்கார்ட்டன் முறை அதிலிருந்தே வளர்ந்தது. இவற்றையெல்லாம் ஆசிரியப் பயிற்சியின்போது நான் படித்தேன். தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் வகுப்பறைக்குள் நுழைந்தபோது அவற்றை வாயிலிலேயே விட்டுவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தொண்ணூறுகளில் ‘பிரிக் கேம்’ என்றொரு சிறு கருவி நம் கடைத்தெருக்களில் மலிவாக விற்றது. மேலிருந்து ஒவ்வொன்றாக விழும் கட்டைகளைத் திருப்பித் திருப்பி இடைவெளியின்றி அடுக்கவேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் அது மறையும். கட்டைகள் உச்சியைத் தொட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது. இவ்வாட்டத்தின் மூலம் ‘டெட்ரிஸ்’ என்பது. மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தைச் சார்ந்த கணிப்பொறி நடுவத்தில் பணியாற்றிய அலெக்சி பஜீத்நவ் என்பார் அதனை 1984-இல் அமைத்தார். அவர் பயன்படுத்திய கணிப்பொறியில் படம் வரையும் வசதியே இல்லை. ஆகையால் அடைப்புக்குறிகளைக் கொண்டே கட்டைகளை அமைத்துக் காட்டினார். இவ்வரலாறு ஒன்றும் எனக்கு அன்று தெரியாது. எட்டாம் வகுப்பில் கடைசிப் பலகையில் ஒரு மாணவன் அக்கருவியை மடியில் மறைத்து ஆடிக்கொண்டிருந்தான் என்பது மட்டும் தெரிந்தது.

பறிக்கப் போனேன். “ஐயா, இன்னும் ஒரே ஒரு வரிசைதான்” என்றான். அவன் கணக்கில் மிகவும் பின்தங்கியவன். “கணக்கில் முட்டை வாங்குகிறவனுக்குக் கட்டை அடுக்க மட்டும் வருகிறதோ?” என்று உரக்கக் கேட்டேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் தலை கவிழ்ந்து கருவியைக் கொடுத்துவிட்டான். ஆண்டிறுதியில் அதனைத் திருப்பிக் கொடுத்தேன், நடந்ததை மறந்தும்போனேன். அதனை எனக்கு மீண்டும் நினைவூட்டியது ஒரு விளையாட்டேயாகும்.

கோடை விடுமுறைக்கு வந்த என் பேரன், தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் விளையாட்டுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். ‘கன்சோல்’ என்று இளைஞர் வழங்குவது இதனையே. பழைய ஆட்டங்களையும் ஆட அதில் வசதி இருந்தது. “தாத்தா, சும்மா ஒரு தடவை ஆடிப் பாருங்களேன்” என்று கைக்கருவியை என்னிடம் நீட்டினான். ஆட்டத்தின் பெயர் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’. ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ 1985-இல் வெளியிட்டது. மீசை வைத்த மாரியோ என்பவன் வலப்புறமாக ஓடியும் குதித்தும் இடையூறுகளைக் கடக்கவேண்டும்; அவ்வளவுதான். ஆடத் தொடங்கிய சில நொடிகளில், எதிரே நடந்து வந்த சிறிய பழுப்பு நிற உருவத்தின்மேல் மோதி என் மாரியோ இறந்தான். மீண்டும் ஆடினேன், மீண்டும் அதே இடத்தில் இறந்தான். மூன்றாம் முறையும் அப்படியே. பேரன் வயிறு குலுங்கச் சிரித்தான். நான் சினங்கொள்ளவில்லை, நாணவுமில்லை. நான்காம் முறைக்கு என் விரல்கள் தாமாகவே பொத்தானைத் தேடின.

அப்பொழுதுதான் அந்த மாணவனின் முகம் என் கண்முன் வந்தது. கரும்பலகையில் ஒரு கணக்குத் தவறினால் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு ஓடிவிடுகிறவன், அச்சிறு கருவியில் நூறு முறை தோற்றபின்னும் நூற்றோராம் முறை ஏன் தொடங்கினான்? அறுபது வயதைக் கடந்த நானும் அதே நிலையில் ஏன் அமர்ந்திருக்கிறேன்? இவ்வினாவை மனத்திற்கொண்டு அவ்வாட்டத்தின் முதற் கட்டத்தைப் பலமுறை ஆடினேன். ஆட ஆட, அஃது ஒரு தேர்ந்த ஆசிரியர் எழுதிய பாடக்குறிப்பைப் போன்றது என்பது புலப்பட்டது.

அக்கட்டத்தின் அமைப்பைச் சற்றே விரித்துரைக்கிறேன். மாரியோ திரையின் இடப்புறத்தில் வலப்புறம் நோக்கி நிற்கிறான். எதிரே வெற்றிடம். ‘வலப்பக்கம் செல்க’ என்று எவரும் எழுதிக் காட்டவில்லை. ஆயினும் எவரும் வலப்பக்கமே செல்வர். சில அடிகள் சென்றவுடன், கேள்விக்குறி தாங்கிய பெட்டி ஒன்று மின்னிக்கொண்டு மேலே தோன்றுகிறது. கீழே ‘கூம்பா’ என்னும் அந்தப் பழுப்பு எதிரி வருகிறது. மோதினால் இறப்பு, எனவே குதிக்கவேண்டும் என்பது விளங்குகிறது. குதிக்கையில் தலை அப்பெட்டியில் முட்டினால் ஒரு காசு கிடைக்கிறது. ஆகவே கேள்விக்குறிப் பெட்டி நன்மை தருவது என்பதும் விளங்குகிறது. அடுத்த பெட்டிகளுள் ஒன்றிலிருந்து காளான் ஒன்று வெளிப்படுகிறது. அது வலப்புறம் நகர்ந்து கீழே விழுந்து, அங்குள்ள குழாயில் மோதி, மாரியோவை நோக்கியே திரும்பி வருகிறது. அதன் உருவம் கூம்பாவை ஓரளவு ஒத்திருத்தலின் புதியவன் அஞ்சுகிறான். தப்பிக்க எண்ணிக் குதித்தாலும், தலைக்குமேல் செங்கல் வரிசை தடுக்கிறது. காளான் பெரும்பாலும் அவனைத் தொட்டே தீரும். தொட்டவுடன் மாரியோ பெரியவனாகிறான்! அஞ்சியது நன்மையாய் முடிந்தது. இவ்வமைப்பு தற்செயலானது அன்று. இதனைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோவும் தக்காஷி தெஸுகாவும் வேண்டுமென்றே இவ்வாறு அமைத்ததாகப் பின்னாளில் விளக்கியிருக்கின்றனர்.

அப்பால் வரும் குழாய்களைப் பாருங்கள். முதற் குழாய் தாழ்ந்தது. அடுத்தது அதனினும் உயர்ந்தது. மூன்றாவது இன்னும் உயர்ந்தது. ‘எளியதிலிருந்து அரியதற்குச் செல்க’ என்று எங்கள் பயிற்சி ஆசிரியர் ஓயாமல் ஓதிய விதியை இக்குழாய்கள் ஓசையின்றி ஓதுகின்றன. எனக்கு வியப்பைத் தந்தது கட்டத்தின் முடிவுக்கு முன்னர் வரும் படிக்கட்டுகளே. எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள். அவற்றின் நடுவே திண்ணிய தரை. தாண்ட முயன்று தவறி விழுந்தால் ஒன்றும் ஆகாது. ஏறி மீண்டும் முயலலாம். அதனைக் கடந்தவுடன் அதே வடிவில் மற்றும் இரண்டு படிக்கட்டுகள், இம்முறை நடுவே தரை இல்லை, விழுந்தால் இறப்புத்தான். பழகுவதற்குத் தீங்கற்ற ஓர் இடம் தந்து, அதன்பின்னரே சோதனைக்கு அழைக்கும் இம்முறையை நான் எத்தனை வகுப்புகளில் கையாண்டேன் என்று எண்ணிப் பார்த்தேன். விரல்விட்டு எண்ணத்தக்க வகுப்புகளே நினைவுக்கு வந்தன.

அம்மையார் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததை நேயர்களுள் சிலர் அறிந்திருக்கலாம். அவர் வகுத்த கல்விக் கருவிகளுள் மரத்தாலான உருளைகள் சில உண்டு. ஒவ்வோர் உருளைக்கும் அதற்கெனக் கடைந்த குழி உண்டு. ஒன்றைத் தவறான குழியில் இட்டுவிட்டால், கடைசியில் ஓர் உருளை பொருந்த இடமின்றி மிஞ்சும். ‘நீ தவறு செய்தாய்’ என்று ஆசிரியர் சொல்லவேண்டியதில்லை, கருவியே சொல்லிவிடுகிறது. சொல்லும்போது அஃது ஏளனம் செய்வதில்லை. பிறரைக் கூட்டிவைத்துச் சிரிப்பதில்லை. மீண்டும் முயலும் வாய்ப்பை அப்பொழுதே தருகிறது. நல்ல வீடியோ விளையாட்டின் உயிர்நாடி இதுவே என்பது என் துணிபு. தவறு அங்கே குற்றம் அன்று, செய்தி. என் வகுப்பிலோ தவறு ஒரு வெட்கமாக இருந்தது.

எல்லா வீடியோ விளையாட்டும் இத்தகையது என்று நான் கூறவில்லை. 1982-இல் ‘ஈ.டி.’ என்னும் புகழ்பெற்ற திரைப்படம் வெளிவந்தது. அதன் பெயரால் அதே ஆண்டுக் கிறிஸ்துமஸ் விற்பனைக்கு ஒரு விளையாட்டு வேண்டுமென்று அமெரிக்க நிறுவனமாகிய அட்டாரி முடிவு செய்தது. அதனை ஆக்கிய ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்த காலம் ஏறக்குறைய ஐந்து வாரமே. அவர் திறமையற்றவர் அல்லர். அவருடைய ‘யார்ஸ் ரிவெஞ்ச்’ இன்றும் பாராட்டப்பெறுவது. ஆனால் பாடக்குறிப்பு எழுதவும் நேரமின்றி வகுப்புக்கு அனுப்பப்பட்ட ஆசிரியரின் நிலை அவருக்கு வாய்த்தது. ஆடியவர்கள் ஏன் என்று அறியாமலே குழிகளில் விழுந்தனர், ஏறினர், மீண்டும் அதே குழியில் விழுந்தனர். விழுந்ததனால் அவர்கள் கற்றது ஒன்றுமில்லை. விற்காமல் தேங்கிய சரக்கை 1983-இல் நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகோர்டோவில் குப்பை நிலத்தில் புதைத்தனர். 2014-இல் அந்நிலத்தைத் தோண்டியபோது, பிற ஆட்டங்களோடு இதுவும் வெளிவந்தது. அமெரிக்க வீடியோ விளையாட்டு வாணிகம் அந்நாளில் சரிந்ததற்கு இவ்வொரு விளையாட்டே காரணம் என்பது மிகைக்கூற்று. அவசரத்தில் செய்த ஆட்டங்கள் பல சந்தையில் குவிந்தமையால் வாங்குவோர் நம்பிக்கை இழந்தனர் என்பதே பொருந்தும்.

இனி, இளைஞரிடையே ஓயாது நிகழும் ஒரு வழக்கைக் கூறுகிறேன். எந்த நிறுவனத்தின் பெட்டி சிறந்தது என்பதே அவ்வழக்கு. ஒருவன் ‘பிளேஸ்டேஷன்’ என்பான்; ஒருவன் ‘எக்ஸ்பாக்ஸ்’ என்பான்; எதன் படம் தெளிவு, எதன் வேகம் மிகுதி என்று குரல் உயரும். என் கருத்து, இவ்வழக்கில் இரு தரப்பும் பொருளை விட்டு உறையை எடைபோடுகின்றன என்பதேயாகும். மாரியோ ஆட்டம் முழுவதும் அடங்கிய இடம் நாற்பது கிலோபைட்டு. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே புகைப்படம் அதனைப் போல் பல மடங்கு இடத்தைக் கொள்ளும். இடம் போதாமையால் வானத்து மேகத்திற்கும் தரையிற் புதருக்கும் ஒரே உருவத்தை வைத்து நிறத்தை மட்டும் மாற்றினர். அதனால் அவ்வாட்டத்தின் சுவை குன்றிற்றா?

கன்பெய் யோகோய் என்பவரின் வரலாறும் இதற்குச் சான்று. சீட்டுகள் செய்வதற்காக 1889-இல் கியோட்டோ நகரில் தோன்றிய நின்டெண்டோ நிறுவனத்தில், இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பணியில் 1965-இல் சேர்ந்தவர் அவர். புத்தம் புதிய தொழில்நுட்பத்தை நாடி ஓடாதே. பலரும் பழகி விலை மலிந்த தொழில்நுட்பத்திற்குப் புதிய பயன் ஒன்றைக் காண்க என்பது அவர் கொள்கை. அவர் தலைமையில் 1989-இல் ‘கேம் பாய்’ என்னும் கையடக்கக் கருவி வந்தது. அதன் திரையில் வண்ணம் இல்லை; பச்சை சாயலில் நான்கு நிறநிலைகளே இருந்தன. அதே ஆண்டில் அட்டாரியின் ‘லிங்ஸ்’ வண்ணத்திரையோடு வந்தது. அடுத்த ஆண்டில் சேகா நிறுவனத்தின் ‘கேம் கியர்’ வந்தது. அவை ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிட்டன. கேம் பாய் நான்கு பேட்டரிகளைக் கொண்டு பத்து மணி நேரத்திற்கு மேலும் ஓடிற்று. அமெரிக்காவில் அதனோடு சேர்த்துக் கொடுத்த ஆட்டம் யாது தெரியுமா? நான் மாணவனிடமிருந்து பறித்தேனே, அதன் மூலமாகிய டெட்ரிஸே. கேம் பாயும் அதன் வண்ண வடிவமும் சேர்ந்து 11 கோடியே 80 இலட்சத்திற்கு மேல் விற்றன. நல்லாசிரியருக்குச் சுண்ணக்கட்டி ஒன்றே போதும் என்பார்கள். அது விளையாட்டுக்கும் பொருந்தும் போலும்.

2016-இல் ரியோ ஒலிம்பிக் நிறைவு விழாவில், அந்நாளைய ஜப்பானியத் தலைமை அமைச்சர் ஷின்சோ அபே மாரியோவின் தொப்பியும் உடையும் அணிந்து தோன்றினார். அடுத்த விழா டோக்கியோவில் நிகழவிருந்ததைக் குறித்த காட்சி அது. ஒரு நாட்டின் அடையாளமாக நிற்கும் அளவுக்கு ஒரு விளையாட்டுப் பாத்திரம் உயர்ந்ததேன்? திரைப்படத் தலைவன் வெல்வதை நாம் இருந்து பார்க்கிறோம். மாரியோ வெல்லவேண்டுமானால் நாம் விழுந்து எழவேண்டும். உடன் விழுந்தவனை மனிதன் எளிதில் மறப்பதில்லை.

கடினமான ஆட்டங்களைப் பற்றியும் ஒரு சொல். 2011-இல் ஹிடெடாகா மியாசாகி இயக்கிய ‘டார்க் சோல்ஸ்’ மிகக் கடியது என்று பெயர் பெற்றது. ஆடுவோன் இறந்தால் அதுவரை ஈட்டிய ஆற்றற்பொருள் இறந்த இடத்திலேயே கிடக்கும். மறுமுறை அவ்விடத்தை அடைந்தால் மீட்கலாம். இடையில் மீண்டும் இறந்தால் இழக்கவேண்டும். கடுமைதான், ஆனால் விதி எல்லோர்க்கும் ஒன்று, விழுந்த காரணமும் பெரும்பாலும் நமக்கே தெரியும். 2018-இல் வந்த ‘செலஸ்ட்’ மலையேறும் ஒரு பெண்ணின் கதை. அதில் நூற்றுக்கணக்கான முறை வீழ்வோம். வீழ்ந்த இடத்தருகே நொடியில் எழுந்து நிற்போம். வேண்டுவோர்க்கு ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கவும் களைப்பை நீக்கவும் அதில் வழி உண்டு. இத்தகைய உதவி ஆட்டத்தின் மேன்மையைக் கெடுக்கும் என்று சில இளைஞர் வாதிடுவர். நான் உடன்படேன். உயரங் குறைந்த பிள்ளைக்குக் கரும்பலகை எட்டவேண்டிச் சிறு முக்காலி ஒன்றைப் போடுவதனால் கணக்கின் அருமை குறைந்துவிடாது. கணக்கை அவனே போடுகிறான் அல்லவா?

இதுவரை கூறியது நன்மை. பெற்றோர் அஞ்சவேண்டிய பக்கமும் உண்டு. முயற்சியைக் கற்பிக்கும் இக்கலையிலேயே, முயற்சி வேண்டாம், பணம் கொடு என்று சொல்லும் வாணிகம் புகுந்துவிட்டது. பணம் கொடுத்து மூடிய பெட்டி ஒன்றை வாங்கவேண்டும். திறக்கும்வரை உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாது. ‘லூட் பாக்ஸ்’ என்று இதனை வழங்குவர். 2017 நவம்பரில் ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்பிரண்ட் 2’ என்னும் ஆட்டத்தில் இம்முறையைக் கண்டு ஆடுவோரே கொதித்தெழுந்தனர். வெளியீட்டுக்குச் சற்று முன்னர் அந்நிறுவனம் பணம் கொடுத்து வாங்கும் வசதியைத் தற்காலிகமாக நிறுத்தவேண்டியதாயிற்று. 2018-இல் பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம் சில ஆட்டங்களிலுள்ள இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்திற்கு மாறானவை என்று அறிவித்தது. காசு இறைத்தவன் வெல்லும் இடத்தில் தோல்வி பாடம் கற்பிப்பதில்லை. பையைத் திறக்கத் தூண்டுகிறது. கேள்விக்குறிப் பெட்டி அன்று அச்சத்தை வென்றவனுக்குப் பரிசு தந்தது. இன்று அதே வடிவில் வேறொரு பெட்டி பிள்ளையின் ஆசையை விலை பேசுகிறது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி வெறுத்தல் தவறு. ஒன்றாக எண்ணி அனுமதித்தல் அதனினும் பெருந்தவறு.

ஆகவே, பெற்றோர் மூன்று வினாக்களைக் கேட்கலாம். இவ்வாட்டத்தில் என் பிள்ளை தோற்றால், தோற்ற காரணம் அவனுக்கு விளங்குகிறதா? மறுமுறை முயல்வதற்கு அவனிடம் வேண்டுவது திறமையா, பணமா? ஆட்டத்தை நிறுத்தவேண்டிய நேரத்தில் அவனால் நிறுத்த முடிகிறதா? இவற்றிற்கு விடை காணப் பிள்ளையின் அருகில் அமர்ந்து ஒரு மணி நேரம் ஆடிப் பார்ப்பதே நேரிய வழி. உறக்கத்தையும் படிப்பையும் ஓடியாடும் விளையாட்டையும் தின்றுவிடும் எந்த ஆட்டமும், எவ்வளவு நன்றாக அமைந்ததாயினும், அளவிறந்தால் தீங்கே. அளவை வகுக்கும் உரிமை பெற்றோர்க்கு உண்டு. ஆடாமலே இகழும் உரிமை எவர்க்கும் இல்லை.

அன்று அம்மாணவனிடம் கருவியைப் பறித்தது தவறு என்று நான் இன்றும் எண்ணவில்லை. பாடவேளையில் ஆடுதல் முறையன்று. தவறு, நான் கேட்ட கேள்வியில் இருந்தது. “கட்டை அடுக்க மட்டும் வருகிறதோ?” என்று ஏளனமாகக் கேட்டேன். “அங்கே அத்தனை முறை தோற்றும் தளராத நீ, இங்கே ஒருமுறை தோற்றவுடன் ஏன் தளர்கிறாய்?” என்று கேட்டிருத்தல் வேண்டும். கேட்டிருந்தால் அவன் சொல்லும் விடை என்னைப் பற்றியதாக இருந்திருக்கும். ஒருவேளை அதற்கு அஞ்சித்தான் கேட்கவில்லையோ, அறியேன்.

இப்பொழுது மாலை வேளைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் நால்வர் என்னிடம் கணக்குப் படிக்க வருகின்றனர். தவறான விடையின்மேல் சிவப்பு மையால் பெருக்கற்குறி இடும் பழக்கத்தை விட்டுவிட்டேன். எந்த அடியில் வழி தவறிற்றோ அந்த அடியில் ஒரு சிறு புள்ளி மட்டும் வைக்கிறேன். அவர்கள் அப்புள்ளியிலிருந்து மீண்டும் தொடங்குகிறார்கள். நேற்று ஒரு சிறுமி ஒரே கணக்கை ஐந்தாம் முறையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். நேரமாகிவிட்டது, போதும் அம்மா என்றேன். நிமிராமலே அவள் சொன்னாள்: “இருங்கள் தாத்தா, இன்னும் ஒரே ஒரு தடவைதான்.” நான் காத்திருந்தேன்.